பத்து ரூபா ஷேரு வாங்குன எங்க மாமா பேராசைக்காரரா?

நடுவர் அய்யாவுக்கும் அம்பாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டைன்னு எல்லா பக்கமும் இருந்து வந்திருக்கற நம்ம சேலத்து சனங்களுக்கும் வணக்கமுங்க. அவ்வளவுதாங்க வணக்கம், மணி அடிக்கறதுக்குள்ள பேசணும்.

தலைப்பு என்னங்க? பேங்க் ஷேருல காசு போடற சின்ன ஆளைக் கவுக்கறது அவனோட பேராசையா, வெளியில கெளப்பி விடற சேதியான்னு. நான் சேதிதான்னு பேச வந்தேன். நோட்ஸெல்லாம் எழுதி எடுத்துட்டுதான் வந்தேன். ஆனா இப்போ எதிரணி அக்கா ஒண்ணு சொல்லிட்டுப் போனாங்க பாருங்க, நீங்களும் விசிலடிச்சீங்க. "அஞ்சு ரோட்டுல தட்டுவடை செட்டுக்கு அஞ்சு ரூபா ஏத்திட்டான்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்கு நிக்கற மனுசன், பத்து ரூபா ஷேருன்னா மட்டும் கண்ணை மூடிக்கிட்டு ஆயிரக்கணக்குல வாங்கறாரு, பத்து ரூபாய்க்கு பேங்க்கையே வாங்கிரலாம்னு பாக்கறாரு, இது பேராசை இல்லாம பக்தியா"ன்னு கேட்டாங்க. அக்கா, நீங்க சிரிக்க வைக்கத்தான் சொன்னீங்க, ஆனா அந்த மனுசன் யாருன்னு எனக்குத் தெரியும், அது எங்க தாய்மாமன்.

செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறைங்க. அவரும் ரெண்டு பேரும், அவ்வளவுதான் பட்டறை. 2020 மார்ச் 24 ராத்திரி பன்னெண்டு மணிக்கு நாட்டையே பூட்டுனாங்களே, அன்னைக்கு நின்னுச்சு தீ ஊதற சத்தம். கல்யாணம் இல்ல, கச்சேரி இல்ல, கொலுசு யாரு வாங்கறது? சும்மா உக்காந்து பழக்கமில்லாத மனுசன், டிவி பாக்க ஆரம்பிச்சாரு. அதுக்கு முந்தின நாளு, மார்ச் 23, ஒரே நாள்ல மும்பை பங்குச்சந்தையோட சென்செக்ஸ் குறியீடு 3,900 புள்ளிக்கு மேல விழுந்துச்சு, 13 சதவீதம், நடுவுல 45 நிமிசம் சந்தையையே நிறுத்தி வெச்சாங்க. ஊரே ஓடுது. எங்க மாமா மட்டும் என்ன நெனச்சாருன்னா, "என்ற மாப்ள வேலை பாக்கற பேங்க்கு, அரசாங்க பேங்க்கு, 1937ல ஆரம்பிச்சது, ஷேரு எட்டு ரூபா சொச்சத்துக்கு கெடைக்குதே"ன்னு. இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்குங்க, ஐஓபின்னு சொல்வோமே. ரெண்டாயிரம் ஷேரு, பதினாறாயிரம் சொச்சம். அது அவரு கைச்சேமிப்பு, கடன் இல்ல, அத்தை நகை இல்ல. இதுல பேராசை எங்கீங்க இருக்கு? தனியார் பேங்க் ஷேரு ஒண்ணு ஆயிரம் ரூபாய்ங்கறப்போ பதினாறு ஷேரை வாங்கி என்ன பண்றதுன்னு நெனைக்கற சாதாரண மனசுதானே அது.

சரி, அது தப்புக் கணக்குதான், ஒத்துக்கறேன். ஷேரு விலை சின்னதா இருந்தா பேங்க்கு மலிவுன்னு அர்த்தமில்ல, அந்த பேங்க்குக்கு 1,800 கோடிக்கு மேல ஷேரு இருக்கு இன்னைக்கு, ஷேரு விலையை அதால பெருக்கிப் பாக்கணும், அப்பத்தான் மொத்த பேங்க்கோட விலை தெரியும். ஆனா இதை அவருக்கு யாருங்க சொன்னா? வாட்ஸ்அப்புல வந்த நூறு மெசேஜுல ஒண்ணாவது சொல்லுச்சா? "மல்டிபேகர்", பல மடங்கு ஏறும்னு சொல்லுச்சு, "அடுத்த வாரம் இருவது"ன்னு சொல்லுச்சு.

இப்பதான் கதையே வருது. 2021 பிப்ரவரி 1 பட்ஜெட்டு. ரெண்டு அரசு பேங்க்கை தனியாருக்குக் குடுக்கப் போறோம்னு நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சொன்னாங்க. எந்த ரெண்டுன்னு சொல்லல. ரெண்டு வாரம் கழிச்சு நாலு பேங்க்கு பேரு போட்ட லிஸ்ட்டுன்னு ஒரு சேதி வருது, அதுல நம்ம ஐஓபி. பிப்ரவரி 16 செவ்வாக்கெழம காலையில ஷேரு எகிறுதுங்க, அப்பர் சர்க்யூட்டு, அதாவது ஒரு நாள்ல ஏற விடற உச்ச வரம்பு, 20 சதவீதம், வாங்க ஆளிருக்கு விக்க ஆளில்ல. மாமா பட்டறையில வளையம் ஒட்டிக்கிட்டு இருந்தவரு, ஊதுகுழலைக் கீழ வெச்சுட்டு போனைப் பாத்தாரு, மறுபடி பாத்தாரு, கண்ணாடியைத் தொடச்சுட்டுப் பாத்தாரு. அக்கா சொன்ன அதே தட்டுவடை செட்டு, அன்னைக்கு பட்டறைக்கு மட்டுமில்ல, அந்த சந்து முழுக்க வாங்கிக் குடுத்தாருங்க, பேரம் பேசாம!

கொஞ்சம் பொறுங்க, இன்னும் முடியல. அந்த ஷேரு ஏன் அப்படி எகிறுச்சு? நூத்துல கிட்டத்தட்ட 96 ஷேரு அரசாங்கத்துகிட்ட இருந்துச்சு. மிச்சம் நாலுதான் சந்தையில சுத்துது. சின்னத் தொட்டியில ஒரு கல்லு போட்டா தண்ணி எவ்வளவு தெறிக்கும், மேட்டூர் டேம்ல அதே கல்லைப் போட்டா தெரியுமா? சேதிங்கற கல்லு சின்னத் தொட்டியில விழுந்துச்சு, அவ்வளவுதான்.

இப்போ மாப்ளைக்கு வருவோம். மார்ச் 15, 16, ரெண்டு நாளு நாடு முழுக்க பேங்க் ஸ்ட்ரைக்கு, தனியாருக்குக் குடுக்காதேன்னு. காலையில ஆர்ப்பாட்டத்துல கோஷம் போட்டுட்டு, சட்டையில பேட்ஜ் குத்தினபடியே மாமனார் வீட்டுக்கு காபி குடிக்க வந்துட்டாரு மாப்ள. உள்ள பாத்தா மாமா போனு கையுமா, விலை ஏறுதா எறங்குதான்னு பாத்துக்கிட்டு இருக்காரு. எங்க மாமா பொண்ணு ரெண்டு பேருக்கும் நடுவுல டம்ளரோட நிக்கறா. மாமா கேக்கறாரு, "ஏங் கண்ணு, உன்ற ஸ்ட்ரைக்கு ஜெயிச்சா என்ற ஷேரு எறங்கிருமா?" மாப்ள சொல்றாரு, "உங்க ஷேரு ஜெயிச்சா என்ற வேலை என்னாவும்னு எனக்குத் தெரியலீங் மாமா."

வீடு அமைதியாயிருச்சுங்க. இதை மாமா எங்க சொந்தத்துல எத்தனை தடவை சொல்லிட்டாருன்னு கணக்கில்ல, ஒரு தடவை காபி ஆறிப் போச்சும்பாரு, ஒரு தடவை டம்ளரு கீழ விழுந்துச்சும்பாரு, ஆனா ஒண்ணு மட்டும் மாத்தவே மாட்டாரு. "அன்னைக்குத்தான் கண்ணு, ஷேருங்கறதுக்குப் பின்னாடி ஆளுங்க இருக்காங்கன்னு எனக்கு ஒறச்சுது"ன்னு.

அக்கா, பேராசைக்காரனுக்கு இது ஒறைக்குமா?

சரி அந்த சேதி என்னாச்சு? தனியாராக்கற சட்டத் திருத்தம் 2021 குளிர்காலக் கூட்டத்தொடர் லிஸ்ட்டுல வந்துச்சு, டிசம்பர் 16, 17 மறுபடி ஸ்ட்ரைக்கு, கடைசி வரைக்கும் மசோதாவைத் தாக்கல் பண்ணவே இல்ல. ஊரையே ஆட வெச்ச சேதி நேத்து ஆடித் திருவிழாவுல நீங்க பாத்த வண்டி வேடிக்கை மாதிரிங்க, ராத்திரி சாமி வேஷத்துல நின்னவரு காலையில முகத்தைக் கழுவிட்டு தறிக்குப் போயிட்டாரு. ஆனா அதே நேரத்துல நெசமா ஒண்ணு நடந்துச்சு, அது யாரு வாட்ஸ்அப்புலயும் வரல. 2019-20ல 8,527 கோடி நஷ்டம் காட்டுன பேங்க்கு, 2020-21ல 831 கோடி லாபம். ஆறு வருசத்துக்கு அப்பறம் மொத தடவையா வருச லாபம். 2015ல இருந்து ரிசர்வ் பேங்க் போட்டு வெச்சிருந்த கட்டுப்பாட்டை 2021 செப்டம்பர் 29 எடுத்தாங்க. சேதி பொய்யானதுக்கு அப்பறம், அந்த பேங்க்கு இன்னும் அரசு பேங்க்கா இருக்கறப்பவே, 2024 பிப்ரவரியில அந்த ஷேரு எண்பதைத் தாண்டுச்சு. வேலை பாத்தது யாரு? கவுண்டர்ல உக்காந்திருந்த மாப்ளைங்க.

ஏறுன கதையை மட்டும் சொல்றேன்னு அக்கா எழுந்திருப்பாங்க, எறங்குனதையும் சொல்றேன். நம்ம கரூர்ல 1926ல ஆரம்பிச்ச லட்சுமி விலாஸ் பேங்க். தாத்தா வாங்கி அப்பா வெச்சிருந்து பேரன் கைக்கு வந்த ஷேருங்க அதெல்லாம், ஒரே நாள்ல பணக்காரன் ஆகறதுக்கு வாங்குனதில்ல. 2020 செப்டம்பர்ல பங்குதாரருங்க ஓட்டுப் போட்டு ஏழு இயக்குனருங்களை வெளிய அனுப்புனாங்க, அவ்வளவு விழிப்பா இருந்தாங்க. நவம்பர் 17 சாயங்காலம் மொரட்டோரியம், அதாவது பணம் எடுக்கறதுக்குத் தடை, 25,000க்கு மேல எடுக்க முடியாது. 27ஆம் தேதி சிங்கப்பூர்க்காரங்களோட டிபிஎஸ் பேங்க்கோட சேத்தாச்சு. டெபாசிட் போட்டவங்க காசு பத்திரம், நல்லது, ஆனா ஷேரு வெச்சிருந்தவங்களுக்கு? பூஜ்யம். நடுவுல அந்த பத்து நாளும் "எதாவது குடுப்பாங்க"ன்னு ஒரு சேதி சுத்திக்கிட்டே இருந்துச்சு, விலை எறங்க எறங்க அதை நம்பி வாங்குனவங்களும் இருக்காங்க. வரைவுத் திட்டத்துலயே ஷேரு மதிப்பு முழுக்க அழியும்னு எழுதியிருந்துச்சு, அதை தமிழ்ல ஒரு வரி எடுத்துச் சொல்ல ஆளில்ல. அவங்களைப் போய் பேராசைன்னு சொல்ல எனக்கு நாக்கு வரலீங்க.

எஸ் பேங்க் சொல்லவே வேணாம், 2020 மார்ச்ல நூறு ஷேருக்கு மேல வெச்சிருந்தவங்களுக்கு முக்கால் பங்கை மூணு வருசத்துக்குப் பூட்டிட்டாங்க. விக்கணும்னு நெனச்சாலும் விக்க முடியாது.

மணி அடிச்சுட்டீங்களா அய்யா? ஒரே ஒரு நிமிசம், மாமா கதை பாதியில நிக்குது.

2021 ஏப்ரல் 6 தேர்தல் முடிஞ்சு, மே 2 ஓட்டு எண்ணி, ஆட்சி மாறுச்சு, ரெண்டாவது அலை நம்ம ஊருக்குள்ள பூந்துச்சு. பேங்க்கு மட்டும் மூடல, நேரத்தைக் கொறச்சுட்டு தொறந்துதான் இருந்துச்சு. பென்சன் வாங்க வந்த பெரியவங்க, நகைக்கடன் கேட்டு வந்தவங்க, எல்லாரையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து பாத்த மாப்ளைக்கு மே நடுவுல காய்ச்சல். மூணாவது நாள் மூச்சு எளைக்குது. படுக்கைக்கு அலைஞ்ச அலைச்சல் உங்க எல்லாருக்கும் தெரியும், நான் சொல்லி நீங்க மறுபடி அழ வேணாம்.

கடைசியா எங்க கெடைச்சுது தெரியுங்களா? நம்ம இரும்பாலையில. அங்க 500 படுக்கை, ஆலையில இருந்தே ஆக்சிஜன், மே 20 தொறந்தாங்க. அந்த சேலம் உருக்காலையும் தனியாருக்கு விக்கற லிஸ்ட்டுல இருந்ததுதாங்க, 2019ல அதை வாங்க ஆளு கேட்டு அறிவிப்பு குடுத்தப்போ தொழிலாளருங்க ஆலை வாசல்ல நின்னு போராடுனாங்களே, அதே ஆலை.

மாமா அன்னைக்கு ராத்திரி ஷேரு விலையைப் பாக்கல. காலையில ஒம்போதேகாலுக்கு சந்தை தொறந்ததும் 1,900 ஷேரை வித்துட்டாரு. காசு கைக்கு வர ரெண்டு நாளாகும்னதும் பக்கத்துப் பட்டறைக்காரர்கிட்ட கைமாத்து வாங்கிட்டு ஸ்கேனுக்குக் கட்டுனாரு, மருந்துக்குக் கட்டுனாரு, வீட்டுக்கு வந்தப்பறம் வெக்கறதுக்கு ஆக்சிஜன் மெசினை வாடகைக்குப் புடிச்சாரு. அடுத்த மாசமே ஷேரு இன்னும் எகிறுச்சு. நான் போன் பண்ணி "மாமா, ஒரு மாசம் பொறுத்திருக்கலாமே"ன்னேன். வாய் தவறிக் கேட்டுட்டேன்.

"மூச்சு பொறுக்குமா கண்ணு"ன்னாரு.

மாப்ள பதினேழு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தாரு. ஜூலையில திரும்ப கவுண்டருக்குப் போனாரு. மாமா அந்த மிச்ச நூறு ஷேரை மட்டும் விக்கல, எண்பது ரூபா போனப்பவும் விக்கல. ஏன் மாமான்னு கேட்டா, மாப்ள பக்கத்துல உக்காந்திருக்கறப்பவே தோளுல கையைப் போட்டுக்கிட்டு சொல்றாரு, "இவன் வேலை பாக்கற எடத்துல நானும் ஒரு பங்காளி, அதை எப்படி விக்கறது?"

அந்தப் பங்காளியும் மாப்ளையும் மூணாவது வரிசையில ஓரமா உக்காந்திருக்காங்க அக்கா. கொஞ்சம் திரும்பிப் பாருங்க. வணக்கம்.