பால்மரக் காட்டின் பற்றுப் புத்தகம்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அமேசான் என்றதும் நம் கண்முன் மரம் வருகிறது, ஆறு வருகிறது, மனிதர் வருவதில்லை. பிரேசிலின் மேற்குக் கோடியில், பெருவையும் பொலிவியாவையும் ஒட்டிக் கிடக்கும் அக்ரே என்ற காட்டு மாநிலத்தைப் பற்றிப் பேச நான் ஆசைப்பட்டது அதனால்தான். அந்தக் காட்டில் மனிதர் பட்ட பாடெல்லாம் நெடுங்காலம் ஒரே இடத்தில்தான் எழுதப்பட்டிருந்தது. முதலாளியின் பற்றுப் புத்தகத்தில்.

1877இல் பிரேசிலின் வடகிழக்கே சியாராவில் மழை பொய்த்தது. இங்கே தாது வருடப் பஞ்சம் ஜனங்களை வாரிக்கொண்டு போன அதே சமயம். பிழைப்புத் தேடிக் கிளம்பியவர்களில் பலர் புருஸ், ஜுருவா ஆறுகளில் நீராவிப் படகேறி அக்ரே வந்தார்கள், ரப்பர்ப் பால் எடுக்க.

காட்டு ரப்பர் மரம் தோப்பாக நிற்பதில்லை. ஒரு ஹெக்டேரில் ஒன்றோ இரண்டோதான். அதனால் நூறு, நூற்றைம்பது மரங்களைத் தொட்டுக்கொண்டு வளைந்து வரும் ஒற்றையடிப் பாதைதான் ஒருவனுடைய வேலைத்தலம். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிக் கீறிவிட்டு வருவான், மறுபடி நடந்து பால் சேர்ப்பான், பிறகு புகையில் காட்டி உருண்டையாகத் திரட்டுவான். அடுத்த வீடு மணிக்கணக்கான நடை தூரம். மரம் சிதறி நின்றதால் மனிதரும் சிதறி வாழ்ந்தார்கள். சேர்ந்து பேச ஆளில்லை என்பது முதலாளிக்கு எவ்வளவு வசதி!

படகுக் கூலியே முதல் பற்று. பிறகு கத்தி, துப்பாக்கி, உப்பு, மாவு, எல்லாம் ஆற்றங்கரையிலிருந்த முதலாளியின் கடையில் கடன். பால் எவ்வளவு, விலை எவ்வளவு என்று எழுதுவதும் அவனே. ரப்பர் விலை உச்சத்தில் இருந்த காலத்தில் பல இடங்களில் கிழங்கு பயிரிடக்கூட விடவில்லை. சொந்தமாக விளைத்தால் கடையில் வாங்க மாட்டான் அல்லவா?

அங்கே முன்பே வாழ்ந்தவர்களை மறந்துவிடக் கூடாது. ஹூனி குயின், யவநாவா, அபுரினா போன்ற மக்கள். அவர்களைத் துப்பாக்கியோடு வேட்டையாடி விரட்டினார்கள். அக்ரேயின் பழங்குடியினர் தங்கள் வரலாற்றை நான்கு காலங்களாகச் சொல்வார்கள்: பெருங்குடில் காலம், ஓட்டத்தின் காலம், அடிமைக் காலம், உரிமைக் காலம். இதைவிடச் சுருக்கமான, இதைவிட நேர்மையான வரலாற்றை நான் படித்ததில்லை.

1903இல் பொலிவியாவிடமிருந்து அக்ரே பிரேசிலுக்குக் கைமாறியது. ஆனால் அதன் தலையெழுத்து 1876லேயே மாறிவிட்டது. அந்த ஆண்டு விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். நாற்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போயின. அமேசானில் நெருக்கமாக நட்டால் இலைக்கருகல் நோய் அழித்துவிடும். ஆசியாவில் அந்த நோய் இல்லை. அங்கே வரிசை வரிசையாக நின்ற மரங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி நம் தமிழர்கள். கங்காணியிடம் வாங்கிய முன்பணத்தோடு கப்பலேறியவர்கள். ஒரே மரம், கடலின் இரு கரையிலும் ஒரே கடன். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

தோட்ட ரப்பர் பெருகியதும் விலை சரிந்து அக்ரே முதலாளிகள் நொடித்தார்கள். பால் வெட்டிகள் பலர் காட்டிலேயே தங்கினார்கள். கிழங்கு நட்டார்கள், வேட்டையாடினார்கள், பழங்குடிப் பெண்களை மணந்தார்கள். பஞ்சத்துக்கு வந்தவர்கள் வனவாசிகளானது இந்த விலை வீழ்ச்சியில்தான் என்பது என் எண்ணம். 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும், மறுபடி காட்டு ரப்பர் தேவைப்பட்டது. பிரேசில் அரசு ‘ரப்பர்ச் சிப்பாய்கள்’ என்று பெயரிட்டு 50,000க்கும் மேற்பட்டவர்களை அமேசானுக்கு அனுப்பியது. அரசியல் சாசனம் அவர்களுக்கு ஓய்வூதியம் தந்தது 1988இல்.

1970களில் மாட்டுப் பண்ணைக்காரர்கள் வந்து காட்டை வெட்டத் தொடங்கினார்கள். பால் வெட்டிகள் குடும்பத்தோடு போய் மரம் அறுப்பவர்கள் முன்னால் நின்று மறித்தார்கள். தலைமை தாங்கிய வில்சன் பினேரோ 1980இல் தொழிற்சங்க அலுவலகத்திலேயே கொல்லப்பட்டார். அக்ரேயின் ஷாப்புரியில் பிறந்த இன்னொரு பால் வெட்டித் தலைவர் சிக்கோ மெண்டிஸ், அரசியல் காரணத்தால் காட்டில் ஒளிந்து வாழ்ந்த ஒருவரிடம் பழைய செய்தித்தாள்களை வைத்து எழுத்துக் கற்றவர். எழுத்துத் தெரிந்ததும் அவருக்குப் பற்றுப் புத்தகம் புரிந்தது. பால் வெட்டிகளுக்குப் பள்ளி வேண்டும் என்று அவர் மன்றாடியதன் வேர் அங்கேதான் இருக்கிறது. 1988 டிசம்பர் 22 அன்று தம் வீட்டின் பின்வாசலில் சுடப்பட்டு இறந்தார். வயது 44.

1990இல் அவர் பெயரில் 9 லட்சம் ஹெக்டேருக்கும் மேலான காடு காப்பிடமானது. நிலம் அரசுடையது, அனுபவிக்கும் உரிமை அங்கே வாழ்பவர்களுடையது. ஆனால் பாலுக்கும் பிரேசில் கொட்டைக்கும் கிடைக்கும் விலை போதவில்லை. அதனால் அந்தக் காப்பிடத்துக்குள்ளேயே பால் வெட்டிகளின் பிள்ளைகள் மரத்தைச் சாய்த்து மாடு வளர்க்கிறார்கள். வீட்டில் யாராவது நோயில் விழுந்தால், ஒரு கன்றை ஓட்டிக்கொண்டு போய் அன்றைக்கே காசாக்கிவிடலாம்.