திரையில் சிவந்த குங்குமம் தாளிலும் சிவக்க

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூருவில் ஆடி பிறந்தால் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துக் கோயில்களின் திருவிழா அழைப்பிதழ். ஆவணி வந்தால் கல்யாணப் பத்திரிகை. தீபாவளி நெருங்கினால் சிக்பேட்டைப் பட்டுக்கடைகளின் கேட்லாக். மூன்றிலும் அச்சகத்து வாசலில் எழும் பேச்சு ஒன்றுதான்: "கம்ப்யூட்டரில் பார்த்த கலர் இது இல்லையே!" பிளேட் வைத்து அச்சடிக்கும் ஆஃப்செட் மிஷின் ஓடிய பிறகு அதற்குப் பரிகாரம் இல்லை. ஃபைலிலேயே தீர்க்க வேண்டிய விஷயம் அது. எண்கள் நிறைய வரும். தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

திரை ஒளியைக் காட்டுகிறது. தாள், தன்மேல் விழுந்த ஒளியைத் திருப்பித் தருகிறது. திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஒளிகள். மிஷினில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகள். ஒளியால் காட்ட முடிகிற சில நிறங்களை இந்த நான்கு மைகளால் கொடுக்கவே முடியாது. கிளிப்பச்சை, ராணி ரோஸ், பளிச்சென்ற நீலம் ஆகியவை முதலில் அடிபடும். ஆபரேட்டரின் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பட்டுப்புடவையை எடுத்துக்கொள்வோம். எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்களின் பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலம் தாளில் ஊதாவாகப் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. காரணம் எளிது. நீலத்துக்குச் சயானும் மெஜந்தாவும் வேண்டும். இரண்டும் சரிசமமாக 100, 100 சதவீதம் என்று நின்றால் கண்ணுக்கு ஊதாதான் தெரியும். சயானைவிட மெஜந்தா குறைந்தது 30 சதவீதம் தாழ்ந்திருக்க வேண்டும். சயான் 100, மெஜந்தா 65 என்று தொடங்கி, ஆழத்துக்குக் கொஞ்சம் கறுப்பு சேர்த்து, புரூஃப், அதாவது மாதிரி அச்சு, எடுத்துப் பாருங்கள். மயில்கழுத்து நிறத்தில் சிக்கல் வேறு. நீள இழையான பாவில் ஒரு நிறம், குறுக்கு இழையான ஊடையில் ஒரு நிறம். கோணம் மாறினால் சாயல் மாறும். கேமரா ஒன்றைத்தான் பிடிக்கும். எந்தச் சாயல் வேண்டும் என்று கடைக்காரரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். கடையின் மஞ்சள் விளக்கும் டியூப் லைட்டும் கலந்த வெளிச்சத்தில் படம் எடுக்காதீர்கள். முதல் படத்தில் 18 சதவீதச் சாம்பல் அட்டை ஒன்றைப் புடவையோடு வைத்து எடுத்தால், பிறகு அதை வைத்தே எல்லாப் படங்களின் வெள்ளையையும் சரிசெய்யலாம்.

ஜரிகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெசவின் இழைக்கோடுகளும் அச்சுப்புள்ளிகளின் வரிசையும் ஒன்றோடொன்று மோதினால், புடவையில் இல்லாத அலை அலையான கட்டங்கள் தாளில் தோன்றும். மொய்ரே என்பார்கள். படத்தின் அளவைச் சற்று மாற்றினாலே சில நேரம் மறைந்துவிடும். அப்படியும் போகாவிட்டால், புள்ளிகளை வரிசையில்லாமல் தூவுகிற எஃப்.எம். ஸ்கிரீனிங் அச்சகத்தில் உண்டா என்று கேளுங்கள்.

பத்திரிகைக்கு வருவோம். மெஜந்தா 100, மஞ்சள் 100 என்று போட்டால் கிடைப்பது தக்காளிச் சிவப்பு. குங்குமத்துக்கு மஞ்சளை 80 அளவில் இறக்கி, சயான் 15 சேர்த்துப் பாருங்கள். மஞ்சள்கிழங்கின் நிறத்துக்கு மஞ்சள் 100, மெஜந்தா 15 முதல் 20. மெஜந்தா 30-ஐத் தாண்டினால் அது ஆரஞ்சு. இதே எண்கள் பூச்சுள்ள வழவழப்பான ஆர்ட் பேப்பரில் ஒரு மாதிரி, பூச்சில்லாத மேப்லித்தோவில் வேறு மாதிரி விழும். மேப்லித்தோ மையை உறிஞ்சும், புள்ளி பரவும், நிறம் மங்கும். ஃபைலில் 50 சதவீதமாக இருக்கும் புள்ளி, நல்ல ஆர்ட் பேப்பரிலேயே 65-ஐ ஒட்டி வந்து நிற்கும். அதனால்தான் எந்தத் தாள், அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் புரொஃபைல் எது என்பதை வடிவமைப்புக்கு முன்பே அச்சகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆர்ட் பேப்பருக்கு ஃபோக்ரா 39 அல்லது 51, மேப்லித்தோ போன்ற பூச்சில்லாத தாளுக்கு 47 அல்லது 52 என்று பதில் வரலாம். அதைப் போட்டோஷாப்பில் அமைத்துவிட்டுக் கண்ட்ரோல்-ஒய் அழுத்தினால், தாளில் வரப்போகிற மங்கலைத் திரையிலேயே ஓரளவு பார்த்துவிடலாம்.

கறுப்பு விஷயத்தில் கவனம் தேவை. ஆர்ஜிபி கறுப்பை, அதாவது திரையின் மூன்று ஒளிக் கணக்கில் உள்ள கறுப்பை, அப்படியே மைக் கணக்குக்கு மாற்றினால் நான்கு மையும் சேர்ந்து 300 சதவீதம் வரை ஏறிவிடும். எழுத்துக்கு அது கூடவே கூடாது. தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப்பார்க்கும். எழுத்துக்குக் கறுப்பு 100 மட்டும், அதுவும் அடியில் உள்ள நிறத்தை வெட்டாமல் அதன்மேலேயே விழும் ஓவர்பிரிண்டாக. பெரிய கறுப்புப் பின்னணிக்குச் சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்ற கலவை நன்றாக அமையும். மொத்த மை ஆர்ட் பேப்பரில் 300-ஐத் தாண்ட வேண்டாம். தாண்டினால் மை காயாது, அடுக்கில் மேல் தாளின் முதுகில் ஒட்டும்.

இனி நம் எழுத்து. பெங்களூருவில் கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும் டி.டி.பி. சென்டர்களில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் கன்னடம் அறிந்தவர். தமிழ் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. யூனிகோடு தமிழைப் போட்டோஷாப்பிலோ இன்டிசைனிலோ ஒட்டும்போது இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ‘வேர்ல்டு-ரெடி’ கம்போசர் என்ற அமைப்பு தேர்வாகியிருக்காவிட்டால், ‘பெருமாள்’ என்பதில் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அவருக்கு அது பிழையாகவே தெரியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும். எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். கொடுப்பது நல்லது. கோரல்ட்ராவில்தான் கொடுக்க வேண்டும் என்றால் எழுத்தைக் கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிக் கொடுங்கள். மாற்றாத பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

புள்ளியைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அடர்ந்த மரூன் பின்னணியில் வெள்ளை எழுத்து விட்டால், நான்கு பக்கமும் மை பரவி, மெய்யெழுத்தின் புள்ளியை அடைத்துவிடும். ‘அன்புடன்’ என்பது ‘அனபுடன’ என்று ஆகும். பத்திரிகையில் பெரியவர் ஒருவர் பெயரில் இப்படி நேர்ந்தால் அந்த வருத்தம் லேசில் போகாது. அப்படிப்பட்ட இடத்தில் எழுத்து 9 பாயின்ட்டுக்குக் குறையாமல், போல்டாக, புள்ளி பெரிதாக உள்ள எழுத்துருவில் இருக்கட்டும். பின்னணி நிறத்தையும் நான்கு மைக்குப் பதில் இரண்டு மையில் முடிக்கப் பாருங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். வெட்டும் ஓரத்துக்கு வெளியே நான்கு பக்கமும் பின்னணி நீள 3 மில்லிமீட்டர் பிளீட்; ஏ4 என்றால் ஃபைல் 216-க்கு 303 மில்லிமீட்டர். முக்கியமான எழுத்து வெட்டுக்கோட்டிலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே. படம் அச்சாகும் அளவில் 300 டி.பி.ஐ., அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. வாட்ஸ்ஆப்பில் சுருங்கி வந்த 1600 பிக்சல் படத்தை 300-ஆல் வகுத்தால் ஐந்தேகால் அங்குலத்துக்குச் சற்று மேல்தான். அதை முழுப்பக்கத்துக்கு இழுக்கக் கூடாது. டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளையாருக்குத் தங்க ஃபாயில் என்றால் அது நான்கு மையில் சேராத தனி ஸ்பாட் கலராக, பிக்சல் இல்லாத கோட்டு வடிவமான வெக்டராக, ஓவர்பிரிண்டாக இருக்க வேண்டும்.

புரூஃப் பார்க்கும் வெளிச்சம் முறைப்படி 5000 கெல்வின். அந்த விளக்கு இல்லாத இடத்தில், நேர்வெயில் படாத வாசலோரம் பகல் நேரத்தில் பாருங்கள். நீலம் பாய்ந்த எல்.இ.டி.யின் கீழ் கையெழுத்துப் போடாதீர்கள். டிஜிட்டல் மிஷினில் எடுத்த பிரிண்ட்டை நிறத்துக்குச் சாட்சியாக வைக்க முடியாது. நிறத்துக்கு, அளந்து சரிபார்த்த இன்க்ஜெட் புரூஃப் கேளுங்கள். மேட் லேமினேஷன் போட்டால் நிறம் இன்னும் கொஞ்சம் அடங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மிஷின் பக்கத்தில் நிற்க வாய்ப்புக் கிடைத்தால் தாளின் ஓரத்தில் உள்ள நிறக் கட்டங்களின் பட்டையான கலர் பாரைப் பாருங்கள். சயான் 50, மெஜந்தா 40, மஞ்சள் 40 சேர்ந்த சாம்பல் கட்டம் சாம்பலாகவே தெரிய வேண்டும். அது ரோஜாச் சாயல் அடித்தால் மெஜந்தா மிகுந்திருக்கிறது. இன்னொன்று: தாள் ஓடும் திசையில் ஒரே நேர்க்கோட்டில் இருப்பவை மையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஒரே மைச்சாவியில் மை வாங்கும். மேலே அடர்ந்த மரூன், கீழே மணப்பெண் முகம் என்றால், மரூனுக்கு ஏற்றிய சிவப்பு முகத்திலும் ஏறும். பக்கங்களை அடுக்கும்போதே இதைப் பார்த்துப் பிரித்துப் போடச் சொல்லலாம். பலர் வேலையை ஒரே பிளேட்டில் சேர்த்து ஓட்டும் மலிவு விலை அச்சில் மட்டும் இந்தத் திருத்தமெல்லாம் கேட்க முடியாது.

நிறம் சரி என்று தோன்றியதும் இரண்டு தாள்களை எடுத்துத் தேதி போட்டு, நீங்களும் ஆபரேட்டரும் கையெழுத்திடுங்கள். ஒன்று மிஷினுக்கு, ஒன்று உங்களுக்கு. வெளிச்சம் பட்டால் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுக்கும் என்பதால், உங்களுடையதைக் கறுப்புத்தாள் உறையில் போட்டு வையுங்கள். அடுத்த வருடத் திருவிழா அழைப்பிதழுக்கு அந்தத் தாளை எடுத்துக்கொண்டுதான் நீங்கள் அச்சகத்துக்குப் போகப்போகிறீர்கள்.

வணக்கம்.