இளங்குழந்தைகளின் கடும் வலிப்பு: மூளையின் பிணைப்பும் மருந்தின் பலனும்

வன்னி நேயர்களுக்கு வணக்கம்.

பிறந்து மூன்று மாதம் கடந்து, ஒரு வயதை எட்டாத குழந்தையொன்று, நித்திரை விட்டெழும் வேளையில் தலையைச் சடுதியாகக் குனித்துக் கைகளை விரித்து, ஓரிரு கணத்தில் தளர்ந்து, சில நொடிகளில் மறுபடியும் அவ்வாறே செய்து, இது தொடராகப் பல தடவை நிகழுமாயின், பயந்து திடுக்கிடுவதென்றோ வயிற்றுக் குத்தென்றோ எண்ணி நூல் கட்டிக் காத்திருக்கக் கூடாது. கை கால் அடித்து நுரை தள்ளும் வலிப்பைப் போலத் தோன்றாததாலேயே இக்கடும் வலிப்பை வீட்டார் அறியாமல் நாட்கள் கழிந்துவிடுகின்றன. 1841ஆம் ஆண்டில் இதனை லான்செட் மருத்துவ இதழுக்கு எழுதிய ஆங்கில வைத்தியர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ற், தம் சொந்த மகனின் நிலையையே விபரித்திருந்தார். அட்டை விட்டும் பேதிக்குக் கொடுத்தும் பார்த்த அவரிடம் பலனளிக்கும் மருந்தெதுவும் இருக்கவில்லை. இன்று நம்மிடம் இருக்கிறது.

மூளையின் மின்னோட்டத்தைத் தலையில் கம்பிகள் பொருத்திப் பதியும் ஈ.ஈ.ஜி. சோதனையில், இக்குழந்தைகளின் பதிவில் உயர்ந்தெழும் மின்னலைகள் ஒழுங்கின்றிக் கலந்து கிடப்பதைப் பெரும்பாலும் காணலாம். கண்ணுக்கு அது வெறும் குழப்பமே. ஆனால், தலையின் ஓரிடத்துப் பதிவை மற்றைய இடங்களின் பதிவுகளோடு கணினியில் ஒப்பிட்டு, எந்தப் பகுதி எதனோடு சேர்ந்து இயங்குகிறதெனக் கணித்த ஆய்வாளர்கள், அந்தக் குழப்பத்தின் அடியில் மூளையின் பகுதிகள் ஆரோக்கியமான குழந்தையில் உள்ளதைவிட இறுக்கமாகப் பிணைந்திருப்பதைக் கண்டார்கள். வளரும் மூளையின் ஒவ்வொரு பகுதியும் தன் வேலையைத் தனித்துச் செய்யவும், வேண்டியபோது மற்றதோடு சேரவும் இயல வேண்டும். முகம் பார்த்துச் சிரிக்கப் பழகிய பிள்ளை இந்நோயில் அதனை இழந்துபோவதற்கு இவ்விறுக்கமும் ஒரு காரணமாகலாம் என்பது என் எண்ணம்.

மருந்து பலித்த குழந்தைகளில் அப்பிணைப்புத் தளர்ந்தது, பலிக்காதவர்களில் தளரவில்லை. சிறு தொகையான குழந்தைகளில் நடந்த ஆய்வுகள் என்பதால், எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்தென்பதை இதை வைத்து இன்று தீர்மானிக்க முடியாது. ஆயினும், உடலில் இழுப்பு நின்றதோடு நோய் நின்றதாகக் கொள்ளலாகாது என்று வைத்தியர்கள் வற்புறுத்துவதன் நியாயம் இதில் தெளிவாகிறது. மீண்டும் ஈ.ஈ.ஜி. எடுக்கத் திகதி தந்தால், பிள்ளைக்கு இப்போது சுகம்தானே என்று தவறவிடாதீர்கள். ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ இருந்து தூரத்து வைத்தியசாலைக்குக் குழந்தையோடு போய்வருவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதை அறிந்தே இதைக் கேட்கிறேன்.

ஏ.சி.ரி.எச். என்னும் ஓமோன் ஊசி, பிரெட்னிசொலோன் என்னும் ஸ்ரீரொயிட் குளிசை, விகாபற்றின் என்னும் வலிப்பு மருந்து ஆகியவையே முதன்மையான மருந்துகள். கொழும்பில் 97 குழந்தைகளில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், அங்கு ஒப்பிடப்பட்ட ஏ.சி.ரி.எச். ஊசியைவிடப் பிரெட்னிசொலோன் குளிசையே கூடுதலானோருக்குப் பலனளித்தது. குளிசைதானே என்று தாழ்வாக எண்ண வேண்டாம்.

இழுப்பு வரும்போது கைத்தொலைபேசியில் பதிவுசெய்து, அன்றே அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். வைத்தியர் முன்னிலையில் அது வராமலே போகலாம். பிரெட்னிசொலோன் எடுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் தாமதியாமல் காட்டுங்கள். பிள்ளை ஊதுகிறதே, ஓயாமல் அழுகிறதே என்று அக்குளிசையை நீங்களாகச் சடுதியாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியர் சொல்லும் முறைப்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.