"அம்மா மூணு நாளா ஒண்ணும் சாப்பிடலையே, டாக்டர்"

நேயர்களுக்கு வணக்கம்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அநேகமாக மூன்றாவது நாள் இந்தக் கேள்வி வந்துவிடும். "அம்மா மூணு நாளா ஒண்ணும் சாப்பிடலையே டாக்டர், தெம்பு எப்படி வரும்?" கேட்கிற பிள்ளைகளுக்கு மானிட்டரில் ஓடும் எண்கள் புரியாமல் இருக்கலாம். அம்மாவின் வயிறு காய்கிறது என்பது நன்றாகப் புரியும். பல காலம் மருத்துவர்களாகிய நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். உடம்பு போராடுகிறது, எப்படியாவது சத்தை ஏற்றிவிட வேண்டும் என்று. அந்த நினைப்பு ஏன் மாறியது என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். அதற்கு முதலில் செல்லுக்குள் கொஞ்சம் போய் வர வேண்டும்.

கிருமித் தொற்று முற்றி, அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்பே கட்டுமீறிப் போய், உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தடுமாறும் நிலைக்குப் பெயர் செப்சிஸ். 2017இல் மட்டும் உலகில் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு இது வந்தது, 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது கணக்கு. நுரையீரலில் தொடங்கிய தொற்று என்றாலும், கட்டிலுக்குக் கீழே தொங்கும் சிறுநீர்ப் பை காலியாகவே கிடக்கும். கிருமி சிறுநீரகத்துக்குப் போகவே இல்லை, ஆனாலும் சிறுநீரகம் வேலையை நிறுத்திவிட்டது.

இதில் ஒரு புதிர் உண்டு. செப்சிஸால் இறந்தவர்களின் இதயத்தையும் சிறுநீரகத்தையும், இறந்த கொஞ்ச நேரத்துக்குள்ளேயே எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள். செல்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக் கிடக்கும் என்று எதிர்பார்த்தால், செத்தவை மிகக் குறைவு. அப்படியானால் உறுப்பு ஏன் நின்றது? உள்ளே ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் பழுதாகி, ஆற்றல் போதாமல், செல்கள் உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற வேலைகளைக் குறைத்துக்கொண்டன என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் விளக்கம். செத்த செல் திரும்பாது. ஆனால் வேலையை நிறுத்திய செல், தன் பழுதைச் சரிசெய்துகொண்டால் திரும்பிவிடும். டயாலிசிஸ் வரை போன பலருடைய சிறுநீரகம் சில வாரங்களில் மறுபடி இயங்குவதைக் கண்ணால் பார்க்கிறோம்.

அந்தப் பழுதுபார்ப்புக்குப் பெயர்தான் ஆட்டோஃபேஜி. தமிழில் தன்னுண்ணல் என்கிறார்கள். பழைய நகையை உருக்கிப் புது நகை செய்வது மாதிரி, செல் தனக்குள்ளே கெட்டுப்போன பாகங்களை ஒரு இரட்டைச் சவ்வுப் பைக்குள் சுற்றி, லைசோசோம் என்ற செரிமான அறையோடு சேர்க்கிறது. அங்கே அவை கரைந்து, மறுபடி பயன்படும் மூலப்பொருளாகின்றன. 1963இல் இதற்குப் பெயர் வைத்தவர் கிறிஸ்டியன் டி டூவ். ஆனால் இது எப்படி நடக்கிறது என்பது அதற்குப் பின்னும் நெடுங்காலம் பிடிபடவில்லை. 1988இல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமி, செரிமான நொதிகள் இல்லாத ஈஸ்ட் செல்களைப் பட்டினி போட்டுப் பார்த்தார். சில மணி நேரத்தில் அவற்றின் செரிமான அறைக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள் நிறைந்துவிட்டன. உள்ளே வந்தவை கரைய வழியில்லாததால் கண்ணுக்குத் தெரிந்தன. இந்த ஆய்வுகளுக்கு 2016இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பட்டினி போட்டார் என்பதைக் கவனியுங்கள். சத்து நிறைய இருக்கும்போது இந்த வேலை அடங்கிப்போகும். இன்சுலினும் அமினோ அமிலங்களும் வந்து குவிந்தால், "இப்போது வளர்கிற நேரம்" என்று செல் முடிவெடுத்து, பழையதைக் கரைப்பதை ஒதுக்கி வைக்கும். இல்லாதபோது தூண்டப்படும்.

தொற்று நேரத்தில் தன்னுண்ணலுக்கு இரண்டு பக்கம் வேலை. ஒன்று, செல்லுக்குள் நுழைந்த கிருமியையே சுற்றிப் பிடித்துக் கரைப்பது. காசநோய்க் கிருமியிடமும், தொண்டையைத் தாக்கும் ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸிடமும் இது நடப்பதை 2004இல் காட்டினார்கள். கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. லிஸ்டீரியா செல்லின் சொந்தப் புரதங்களையே மேலே போர்த்திக்கொண்டு தப்பிக்கிறது. லீஜியோனெல்லாவோ, அந்தப் பையைக் கட்டத் தேவையான புரதத்தையே வெட்டி எறிகிறது.

இரண்டாவது வேலைதான் செப்சிஸில் முக்கியம் என்பது என் கருத்து. பழுதான மைட்டோகாண்ட்ரியா உள்ளேயே கிடந்தால் ஆபத்து. அதிலிருந்து கசியும் டிஎன்ஏவும், சுற்றியிருப்பதை அரிக்கும் வினைமிகு ஆக்சிஜனும், ஏற்கெனவே எரிகிற அழற்சித் தீயில் எண்ணெய் ஊற்றும். அதனால் பழுதானதன் மேல் பிங்க்-1, பார்க்கின் என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து அடையாளம் குத்துகின்றன. அடையாளம் விழுந்தது கரைக்கப்போகிறது. இடத்தை நிரப்பப் புதிது உருவாகிறது. நோய் வாரக்கணக்கில் நீண்டவர்களின் தசையையும் கல்லீரலையும் பார்த்தபோது, இந்த வேலை தேவைக்கு ஈடுகொடுக்காமல் பின்தங்கியிருந்தது. குப்பை சேர்ந்துகொண்டே போனது.

சரி, சாப்பாட்டுக் கேள்விக்கு வருகிறேன். 2011இல் பெல்ஜியத்தில் 4,640 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. எல்லோரும் செப்சிஸ் நோயாளிகள் அல்லர், ஆனால் எல்லோரும் தீவிர சிகிச்சையில் இருந்தவர்கள். குழாய் வழியாக வயிற்றுக்குப் போகிற உணவு இரு பிரிவுக்கும் உண்டு. அது போதாதபோது, ஒரு பிரிவுக்கு 48 மணி நேரத்துக்குள் ரத்தக் குழாய் வழியாகச் சத்தை நிரப்பினார்கள். மற்றவர்களுக்கு 8ஆம் நாள்தான் அது தொடங்கியது. இறப்பில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமில்லை. ஆனால் காத்திருந்தவர்களுக்குப் புதிய தொற்றுகள் குறைவு, வென்டிலேட்டரிலிருந்து மீள்வதும் வீடு திரும்புவதும் சீக்கிரம்.

அதில் சிலரின் தொடைத் தசையிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். சீக்கிரம் சத்து ஏற்றப்பட்டவர்களின் தசையில் தன்னுண்ணலின் அடையாளங்கள் குறைந்திருந்தன. அவர்களிடம் பலவீனமும் அதிகம். பலவீனத்தை எப்படி அளக்கிறோம் தெரியுமா? நோயாளி கண் விழித்ததும், "கையைத் தூக்குங்க, முழங்கையை மடக்குங்க, காலை நீட்டுங்க" என்று ஒவ்வொரு பக்கமும் ஆறு அசைவுகளைச் செய்யச் சொல்வோம். ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண், மொத்தம் 60. 48க்குக் கீழே போனால் பலவீனம். ஒரு டம்ளரைத் தூக்க முடியாமல் விரல் நடுங்கும்போது நோயாளியின் கண்ணில் வரும் பயத்தைப் பார்த்தால், இந்த எண் வெறும் எண் இல்லை என்பது தெரியும்.

இதைக் கேட்டுவிட்டு, காய்ச்சல் வந்தால் பட்டினி கிடந்தால் போதும் என்று தயவுசெய்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பேசுவது தீவிர சிகிச்சையின் முதல் ஒரு வாரத்தைப் பற்றி மட்டும். உணவே இல்லாமல் நீண்ட நாள் விட்டால் தசை இன்னும் கரையும். மருந்து கொடுத்துத் தன்னுண்ணலைத் தூண்டலாமே என்றால் அதுவும் எளிதில்லை. இதைத் தூண்டும் ராபமைசின் நோய் எதிர்ப்பையும் அடக்கிவிடுகிறது. எப்போது தூண்டுவது, எந்த உறுப்பில், எவ்வளவு என்பதற்கு இன்னும் விடை தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அதனால் வாசலில் நிற்கும் பிள்ளைகளிடம் நான் இப்போது இப்படிச் சொல்கிறேன். "மூக்குக் குழாய் வழியா கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கிறோம்மா. வேணும்னேதான் மெதுவா கொடுக்கிறோம். அவங்க உடம்புக்குள்ள இப்ப வேற ஒரு வேலை நடக்குது, அது முடியட்டும்." அப்புறம் உள்ளே போய், கட்டிலுக்குக் கீழே அந்தப் பையைக் குனிந்து பார்க்கிறேன், இரவில் எத்தனை மில்லி சேர்ந்திருக்கிறது என்று.

நன்றி, வணக்கம்.