ஆப் செய்தாச்சு, பாவிக்க ஆள் இல்ல, விளம்பரத்துக்குக் காசு போடட்டா?

சரி, அடுத்த கேள்வி வத்தளையில இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். நீளமா எழுதியிருக்கிறார், நான் சுருக்கிச் சொல்லுறன். பகல்ல ஒரு கொம்பனியில வேலை, இரவில தனியா இருந்து ஒரு ஆப் செய்திருக்கிறார், டியூசன் சேர்மார் பிள்ளையளிட்ட வாங்குற மாசப் பீஸைப் பதிஞ்சு வைக்கிறதுக்கு. பேஸ்புக்கில லிங்க் போட்டாராம், லைக் நல்லா வந்ததாம், ஆனா ஒரு சேரும் பாவிக்கேல்லயாம். இப்ப விளம்பரத்துக்குக் காசு போடட்டா, இல்லாட்டி இதை விட்டுட்டு வேற ஒண்டு தொடங்கட்டா எண்டு கேக்கிறார்.

தம்பி, இப்போதைக்கு ரெண்டும் வேணாம். உங்களுக்கு லைக் போட்டது ஆரெண்டு பாருங்கோ, கூடப் படிச்ச ஆக்கள், ஒபிஸ் ஆக்கள். நல்ல மனசோடதான் போட்டிருப்பினம், ஆனா அவையிட்ட டியூசன் கிளாஸ் இல்லையே. பீஸ் வாங்குற மனுசன் ஒராள் கூட உங்கட ஆப்பை இன்னும் பாக்கேல்ல, அப்ப அது நல்லமா கூடாதா எண்டே உங்களுக்குத் தெரியாது. அது தெரியாம விளம்பரம் போட்டா வாற சனம் ஒருக்கா திறந்து பாத்திட்டுப் போயிடும், ஏன் போச்சுது எண்டும் உங்களுக்குச் சொல்லாது.

அதால முதல் செய்ய வேண்டியது, உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே ஒரு சேரைப் பிடியுங்கோ. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் சேர்மாருக்கா பஞ்சம். மாசத் தொடக்கத்தில பீஸ் வாங்குற நாள் பாத்து, அவரிட்டக் கேட்டுட்டு ஒரு மூலையில போய் இருங்கோ. ஆப்பைக் காட்டாதேங்கோ, அவற்ற கொப்பியைப் பாருங்கோ. ஒரு பிள்ளை அரைவாசிதான் கொண்டு வந்திருக்கும், மிச்சம் அடுத்த கிழமை எண்டு சொல்லும். அண்ணனும் தங்கச்சியும் வந்தா குறைச்சு எடுப்பார். கஷ்டப்பட்ட பிள்ளைக்கு ஃபிரீ கார்ட் குடுத்திருப்பார், அது மற்றப் பிள்ளையளுக்குத் தெரியக்கூடாது எண்டும் நினைப்பார், அதுக்குக் கொப்பியில தனக்கு மட்டும் விளங்குற ஒரு குறி போட்டிருப்பார். இப்ப யோசியுங்கோ, உங்கட ஆப்பில 'கட்டினது', 'கட்டேல்ல' எண்டு ரெண்டு பட்டன் மட்டும் இருந்தா அந்தாள் எப்பிடிப் பாவிக்கிறது? வாசல்ல பிள்ளையள் வரிசையில நிக்கேக்க ஈமெயில் குடு, பாஸ்வேர்ட் போடு எண்டு கேட்டா போனை வச்சிட்டுப் பழையபடி கொப்பியைத்தான் எடுப்பார். என்னைக் கேட்டா அவர் செய்யிறதுதான் சரி.

இன்னொண்டு, பெற்றோருக்கு ஞாபகப்படுத்துற மெசேஜ். கட்டாயம் கேப்பினம், நீங்களும் எஸ்எம்எஸ் எண்டு இறங்குவீங்கள். கவனம். இங்கிலீஷில ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழிலயோ சிங்களத்திலயோ அனுப்பினா 70தான், அதிலயும் தமிழ்ல 'கு' எண்டு ஒரு எழுத்துப் போட்டா ரெண்டாக் கணக்கெடுக்கும். ரெண்டு வசனம் எழுதினாலே ரெண்டு மூண்டு எஸ்எம்எஸ் காசு போகும். சேரின்ர சொந்த வாட்ஸ்அப்பிலயே எழுதின மெசேஜ் திறக்கிற மாதிரி ஒரு லிங்க் குடுத்தா செலவே இல்ல, பெற்றோருக்கும் தெரிஞ்ச நம்பர்ல இருந்து போகும்.

ப்ளே ஸ்டோர்ல போடப் போறன் எண்டும் எழுதியிருக்கிறீங்கள். 25 டொலர் ஒருக்காக் கட்டினாக் காணும், ஆனா 2023 நவம்பருக்குப் பிறகு திறந்த தனியாள் அக்கவுண்ட் எண்டா 12 பேர் தொடர்ந்து 14 நாள் டெஸ்டரா, அதாவது வெளியிட முதல் ஆப்பைப் போட்டுப் பாக்கிற ஆக்களா இருக்க வேணும், அதுக்குப் பிறகுதான் எல்லாருக்கும் வெளியிட விண்ணப்பிக்கலாம். கன பேர் இதை ஒரு தலையிடியா நினைச்சு, நீ என்ர ஆப்பைப் போடு நான் உன்ர ஆப்பைப் போடுறன் எண்டு ஆக்களைச் சேர்த்து முடிக்கினம். அப்பிடிச் செய்யாதேங்கோ தம்பி, எனக்கு உண்மையிலயே கவலையா இருக்கு அதைப் பாக்க. உங்களுக்கு அந்த 12 பேரும் டியூசன் சேர்மாரா இருக்கலாமே! முதல் சேரே தன்ர கூட்டாளிமாரைக் காட்டுவார், ஒரே கட்டடத்தில கணக்கு, விஞ்ஞானம், வணிகம் எண்டு எத்தினை பேர் வகுப்பு எடுக்கினம். அந்த ரெண்டு கிழமையும் மாசத் தொடக்கத்தில வாற மாதிரிப் பாத்துக்கொள்ளுங்கோ, அப்பதான் நிஜக் காசு உள்ள போய் வரும்.

அதுக்குப் பிறகுதான் விளம்பரம், அதுவும் காசு குடுத்து இல்ல. பட்ரிக் மெக்கென்சி எண்டு ஒருத்தர், ஜப்பான்ல வேலை செய்துகொண்டு 2006ல ரீச்சர்மாருக்கு பிங்கோ கார்ட், அதாவது வகுப்பில சொல் விளையாட்டு விளையாடுற கட்டம் போட்ட கார்ட், அடிக்கிற ஒரு சின்ன சொஃப்ட்வேர் வித்தவர். அவர் செய்தது என்னெண்டா, ரீச்சர்மார் கூகுள்ல என்னென்ன தலைப்புக்கு கார்ட் தேடிச்சினமோ அந்தந்தத் தலைப்புக்கு ஒவ்வொரு பக்கம் போட்டது. அவையள் தேடினது சொஃப்ட்வேரை இல்ல, நாளைக்கு வகுப்புக்கு வேண்டிய கார்ட்டை. உங்கட சேர்மாரும் 'பீஸ் மனேஜ்மென்ட் சிஸ்டம்' எண்டு தேட மாட்டினம். பீஸ் கார்ட் மாதிரி, வரவுப் பதிவு மாதிரி எண்டுதான் தேடுவினம். பிரிண்ட் எடுக்கக் கூடிய நல்ல பீஸ் கார்ட் ஒண்டைத் தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூண்டிலயும் சும்மா குடுங்கோ, கீழ உங்கட ஆப்பின்ர பேர் இருக்கட்டும். அந்தத் தாள் நீங்கள் நித்திரையா இருக்கேக்கயும் வகுப்பு வகுப்பாப் போகும். ப்ராடக்ட் ஹண்ட், ஹக்கர் நியூஸ் எண்டு ஆப் செய்யிற ஆக்கள் கூடுற வெளிநாட்டுத் தளங்கள் எல்லாம் இந்த ஆப்புக்கு வேணாம், கொழும்பு டியூசன் சேர் அங்க இல்ல.

காசு விசயம். உள்ளூர்ல சேர் பேங்க் ட்ரான்ஸ்பர் செய்வார், ஆக்கள் கூடினாப் பிறகு பேஹியர் மாதிரி, ஒன்லைன்ல காசு வாங்கித் தாற இலங்கைச் சேவை ஒண்டைப் போடலாம். வெளிநாட்டுக்கு விக்க யோசிச்சா, கார்ட்டில காசு வாங்கித் தாற ஸ்ட்ரைப் எண்ட சேவையில இலங்கைக் கொம்பனி நேரடியாப் பதிய ஏலாது, பேபால்ல காசு அனுப்பலாம், இஞ்ச வாங்க ஏலாது. படில் மாதிரி, தாங்களே வித்து வரியும் கட்டி உங்களுக்கு மிச்சத்தைத் தாற ஆக்கள் இருக்கினம், அந்தக் காசைப் பயோனியர் எண்ட வெளிநாட்டுக் காசு வாங்குற அக்கவுண்டுக்கு எடுக்கலாம். படில்காரர் ஒவ்வொரு தரம் காசு கட்டேக்கயும் 5 வீதமும் மேல 50 சதமும் கழிப்பினம். அப்ப மாசம் 5 டொலர் எண்டு விலை வச்சா 75 சதம் போயிடும், அது 15 வீதம். வருசத்துக்கு 40 எண்டு வாங்கினா ரெண்டரை டொலர்தான் போகும். விலை வைக்க முதல் இந்தக் கணக்கைப் பாருங்கோ.

அந்த முதல் சேரிட்ட மட்டும் காசு கேக்காதேங்கோ, அவருக்கு எப்பவும் ஃபிரீ எண்டு சொல்லிவிடுங்கோ. ரெண்டாவது சேரிட்ட இருந்து கேளுங்கோ, சின்னக் காசெண்டாலும் பரவாயில்ல. தாறாரா, சாட்டுச் சொல்லுறாரா எண்டு பாத்திட்டு எனக்குத் திருப்பி எழுதுங்கோ, அடுத்த வீடியோவில அதில இருந்து கதைப்பம்.