பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கும் செயலி இருக்கிறதா?

அடுத்த கேள்வி. "என் மகனுக்கு 12 வயது. யூடியூபில் பார்ப்பது, வாட்ஸ்அப்பில் வருவது எல்லாவற்றையும் அப்படியே நம்புகிறான். எது உண்மை, எது பொய் என்று சொல்லிவிடுகிற செயலி ஏதாவது இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

செயலியை நம்பி இறங்காதீர்கள். ஒரு கட்டுரையை மனிதர் எழுதினாரா, ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவியை, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்டு, கணிப்பு சரியாக இல்லை என்று ஜூலையில் நிறுத்திவிட்டது. செய்தவர்கள் பாடே அப்படி.

நான் சொல்லப்போவது கொஞ்சம் விபரீதமாகத் தெரியலாம். பையனையே ஒரு பொய்ச் செய்தி தயாரிக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து, ஏதாவது ஒரு செய்தித் தளத்துக்குப் போய், தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுத்தால் ஓரத்தில் அந்தப் பக்கத்தின் கோடிங் திறக்கும், அதில் தலைப்பு இருக்கிற வரியை டபுள் கிளிக் செய்து "இனி பள்ளிகளுக்கு வாரம் நான்கு நாள் விடுமுறை" என்று அடித்து என்டர் தட்டினால் போதும், அதே எழுத்து, அதே லோகோ, அதே தேதியோடு செய்தி தயார். தளத்தில் எதுவும் மாறாது, அவன் திரையில் மட்டும்தான் மாறும், ரெஃப்ரெஷ் செய்தால் போய்விடும். ஆனால் அதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடலாமே! (அதை வகுப்பு குரூப்பில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) இவ்வளவு சுலபமா என்று ஒரு தடவை கையால் செய்து பார்த்துவிட்டால், அடுத்த முறை யாராவது ஸ்கிரீன்ஷாட்டை நீட்டும்போது அந்தத் தளத்துக்கே போய்ப் பார்க்கத் தோன்றும்.

அப்புறம் படங்கள். வெள்ளம் தேங்கிய சாலையில் சுறா நீந்துகிற படம் ஒன்று உண்டு. 2011இல் ஐரீன் புயலின்போது போர்ட்டோ ரிக்கோ என்று சுற்றியது, 2017இல் ஹார்வி புயலுக்கு ஹூஸ்டன் என்று மறுபடி வந்தது. சுறா என்னவோ நிஜம்தான், தென்னாப்பிரிக்கக் கடலில் ஒரு கயாக் படகுக்குப் பின்னால் வந்தது. அதை வெட்டி ரோட்டில் ஒட்டியிருக்கிறார்கள். நீங்கள் விடையைச் சொல்லாமல், ஒரு படத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டுகிற கூகுள் லென்ஸிலோ டின்ஐ (TinEye) தளத்திலோ அந்தப் படத்தைப் போட்டு அவனையே தேட விடுங்கள். டின்ஐயில் பழையது முதலில் என்று வரிசைப்படுத்தலாம், அதுதான் இதில் முக்கியம்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து பார்த்தபோது, செய்தி சரிபார்ப்பவர்கள் தெரியாத தளத்தில் அதிக நேரம் உட்காரவில்லை, உடனே வேறு டேப் திறந்து அதை நடத்துவது யார் என்று தேடினார்கள். அந்தப் பக்கத்திலேயே இருந்து லோகோவையும் தோற்றத்தையும் பார்த்து ஏமாந்தவர்களில் வரலாற்றுப் பேராசிரியர்களும் உண்டு. அதனால் பையனைத் திட்டாதீர்கள்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. சில பிள்ளைகள் கொஞ்ச நாளில் எதைக் காட்டினாலும் "ஃபேக்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், தேடுகிற வேலையே மிச்சம் பாருங்கள். அப்படி ஆரம்பித்தால், மரத்தில் ஸ்பகெட்டி காய்ப்பதாக 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசி காட்டியது என்று சொல்லிப் பாருங்கள். பொய் என்றுதான் முதலில் சொல்வான். தேடிவிட்டு வரட்டும்.