நல்லூர்க் கூட்டமும் நமது கிணறுகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்துக்கு இப்போது ஊர் பார்க்கவென்றே ஆட்கள் வருகிறார்கள். வெளிநாட்டிலிருந்து உறவினரைப் பார்க்க வருபவர்களை நான் சொல்லவில்லை. பின்னேரம் கோட்டை மதிலில் ஏறி நின்றால் சிங்களம், ஆங்கிலம், தமிழ்நாட்டுத் தமிழ் எல்லாம் காதில் விழும்.

வழி திறந்ததுதான் முதற்காரணம். 1990இல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2014 ஒக்டோபரில் திரும்பி வந்தது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது. 2023இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடியது. அது நின்று நின்று ஓடிய கதை உங்களுக்கும் தெரியும்.

வருகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள்? காலையில் நூலகம், பிறகு கோட்டை, நல்லூர்க் கந்தசுவாமி கோயில், ஒரு ஐஸ்கிறீம். மறுநாள் நயினாதீவு. அதோடு பெட்டி கட்டிவிடுகிறார்கள். நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் குறைவு. குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணிநேரப் படகு; கடல் கொஞ்சம் குலுக்கும். ஆனால் சாந்து இல்லாமல் பவளக்கல்லை அடுக்கியே எழுப்பிய வேலிகளையும், வெளியில் தம்பாட்டில் மேயும் குதிரைகளையும் வேறெங்கே பார்ப்பது? போனவர்களும் படகு நேரத்துக்குப் பயந்து அவசரமாகத் திரும்புகிறார்கள். அங்கே ஓர் இரவு தங்கச் சொல்லி நான் எல்லோரையும் கரைச்சல்படுத்துவதுண்டு.

ஆக, இன்னும் ஆட்கள் வரட்டும், இன்னும் நாட்கள் தங்கட்டும் என்பதுதான் என் விருப்பமும். அதனால்தான் தண்ணீரைப் பற்றிக் கதைக்க வேண்டியிருக்கிறது.

குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மழைக்காலத்து ஆறுதான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அடி காணாத கிணறு என்று கதை சொல்கிறோம். அதைவிட முக்கியமான சங்கதி அங்கே உண்டு: மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு. குடாநாட்டு நிலத்தடி நீரின் நிலையும் அதுதான். மோட்டர் போட்டு அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும்.

இனி நல்லூருக்கு வாருங்கள். இருபத்தைந்து நாள் திருவிழா. லண்டன், ரொறன்ரோவில் பள்ளி விடுமுறையும் அதே காலம். விடுதிகளில் அறை கிடைக்காது. அந்த ஆவணி மாதத்தில்தான் நம் கிணறுகளில் நீர் மிகவும் கீழே கிடக்கும். ஊர் நிரம்பும் மாதமும் கிணறு வற்றும் மாதமும் ஒன்றாகவே வருகின்றன.

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது நல்ல காரியம். அதை நம்பிக் கிணறுகளைக் கைவிட முடியாது. இறைப்பது ஒரு பக்கம், கழிப்பது இன்னொரு பக்கம். நமது மலசலகூடக் குழிகளும் கிணறுகளும் ஒரே சுண்ணக்கல்லுக்குள்தான் இருக்கின்றன. வெடிப்பு நிறைந்த கல் அது; கழிவு கசிந்து அடுத்த வளவுக் கிணற்றுக்குப் போக அதிக நாள் தேவையில்லை. வயலில் போடும் உரத்தால் பல கிணறுகளில் நைத்திரேற்று என்ற இரசாயனம் ஏற்கெனவே கூடியிருக்கிறது. இந்த நிலையில் நெருக்கமான ஒரு தெருவில் நாற்பது அறை விடுதி வந்தால் அயல்வீட்டுக்காரர் குடிதண்ணீருக்கு எங்கே போவார்?

விடுதி கட்ட அனுமதி கேட்டு வருபவரிடம் வாகனத் தரிப்பிடம் பற்றிக் கேட்கிறார்கள், மாடி எத்தனை என்று கேட்கிறார்கள். மழைநீரை எங்கே சேர்ப்பீர்கள், கழிவுநீரை எப்படிச் சுத்திகரிப்பீர்கள் என்ற இரண்டு கேள்விகளையும் அதே படிவத்தில் சேர்த்து, பதில் இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

நன்றி, வணக்கம்.